வேர் கழுவி வந்தவை

இருநூறு அத்திக் கன்றுகள்
துருக்கியிலிருந்து மண் இல்லாமல் வந்தன.
மண்ணுக்கு அனுமதி இல்லை.
அங்கே யாரோ வேரை மூன்று தண்ணீரில் அலசி
ஈரப் பாசியில் சுற்றி
நோயில்லை என்று நீல முத்திரை குத்தியிருந்தார்கள்.
மீனம்பாக்கத்தில் ஒரு ராத்திரி.
வாலாஜா சுங்கச்சாவடியில் அரை மணி.
அப்புறம் ஒடுகத்தூருக்கு மேற்கே, மலையடியில்,
ஹயாத் பாஷாவின் வலைக்குடில்.

பேரணாம்பட்டில் தோல் ஷெட்டை விற்ற பணம்.
அவர் சொல்லவில்லை.
கன்றின் பட்டையை
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே வைத்து
திண்மை பார்த்த விதத்தில் தெரிந்தது.

நான் எப்சிபாள். தாவர நோயியல்.
ஓராண்டு இவை ஊரோடு சேரக்கூடாது என்று
சொல்லிவிட்டுப் போகிற வேலை எனக்கு.
குடிலுக்கு இரண்டு கதவு,
ஒன்று சாத்தினால்தான் மற்றது திறக்கும்.
நடுவில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி.
முதல் நாள் செருப்பைக் கழற்றி
பள்ளிவாசலில் விடுவதுபோல் ஓரமாக விட்டார்.
"கழற்றுகிற இடமில்லை பாய், நனைக்கிற இடம்."
நனைத்தார். புதுச் செருப்பு.

நாற்பத்தைந்து நாளுக்கொருமுறை வருவேன்.
இலையைத் திருப்பி, நரம்போரம் லென்ஸ் வைத்து,
ஒவ்வொன்றாக.
"பொண்ணு குடுக்கும்போதுகூட
இவ்வளவு விசாரிக்கலம்மா நாங்க" என்பார்.
டீ வரும். குடிலுக்கு வெளியே வைத்துக் குடிப்போம்.

எட்டாம் மாதம், நூற்றுப்பதினேழாவது கன்று.
இலையில் மஞ்சள் தேமல்.
பாட்டில் வருகிற பெண்களுக்குத் தேமல் அழகு.
இங்கே அது வைரஸ்.
ஆய்வக முடிவு வரப் பதினோரு நாள்.
பதினோரு நாளும் அவர் போன் செய்யவில்லை,
அது எனக்குப் பாரமாக இருந்தது.

"ஒரு எலதானே மேடம். கிள்ளிப் போட்டுடறேன்."
அதுவரை அம்மா என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

நான் வலைக்கு வெளியே பார்த்தேன்.
கானாற்றங்கரையில் நாட்டு அத்தி.
அடிமரமெல்லாம் காய், காயெல்லாம் எறும்பு,
ராத்திரிக்கு வௌவால்.
யாரும் சான்று கேட்காமலே வளர்ந்தது.
அதற்கப்பால் சின்னப்பையனின் முக்கால் ஏக்கர்,
பூனா அத்தி, சங்கக் கடன்.
கண்ணுக்குத் தெரியாத ஒரு பேன் போதும்,
காற்றில் ஏறிப் போய்விடும்.
இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை.
நான் பார்த்த பக்கம் அவரும் பார்த்தார்.

முழுவதையும் கொளுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு.
தொட்டுக்கொண்டு நின்றவற்றையும் சேர்த்து
ஒன்பது என்றேன்.
ஒன்பது சரியான எண்ணா?
அன்றிரவு பஸ்ஸில், அணைக்கட்டு தாண்டும்வரை,
திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

குழியை அவரே வெட்டினார்.
டீசல் ஊற்றியும் பச்சை பிடிக்கவில்லை.
பால் சீறியது. பிறகு பிடித்தது.
என் மணிக்கட்டில் பட்ட பால் மூன்று நாள் அரித்தது.
அழிக்கப்பட்டவை: ஒன்பது.
முறை: எரித்தல்.
சாட்சி என்ற இடத்தில் உருதுவில் கையெழுத்துப் போட்டார்.
கன்று ஒன்று ஆயிரத்து எண்ணூறு.
அதை எழுத படிவத்தில் கட்டம் இல்லை.

அப்புறம் நான்கு மாதம். தேமல் இல்லை.
இடையில் குடிலுக்குள்ளேயே ஒன்று காய்த்து, பழுத்தது.
அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்க்காதே என்பார்கள்.
என் வேலையே பிட்டுப் பார்ப்பது.
பிட்டேன். சிவப்பாக, சுத்தமாக இருந்தது.
நான் பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.
பாதியை நீட்டினேன்.

விடுவிப்பு உத்தரவு கொடுத்த அன்று
முதல்முறையாக இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன.
வெளியே நிலத்தில் குழிகள் தயார்.
இருநூறு.
போன வருஷமே வெட்டியவை, மூடவில்லை.
ஒன்பதில் மழைத் தண்ணீர் தேங்கி, தவளை.

"இதுல என்ன வெக்கட்டும்?"
புங்கன் வையுங்கள், நிழலாவது கிடைக்கும் என்றேன்.
"அதுக்கும் ஃபாரம் இருக்கா?" என்றார்,
சிரிக்காமல்.